புண்ணின் ஈரமும் கட்டின் வேலையும்

காய்ந்துபோன காஸ் துணியைப் புண்ணிலிருந்து உரித்தெடுப்பதை ஒருமுறை அருகில் நின்று பார்த்தவர்கள், கட்டு என்பதை வெறும் மூடுதுணியாக அதன்பின் நினைக்க மாட்டார்கள். துணியின் இழைகளுக்குள் கசிவு புகுந்து இறுகியிருக்கும். உப்புநீரை ஊற்றி நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல இழுத்தாலும் நடுப்பகுதி விட்டுக்கொடுக்காது. நோயாளி பல்லைக் கடித்துக்கொள்வார். துணி கையோடு வந்த மறுகணம், புண்ணின் தரையில் ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அரும்பும். எடுத்த துணியைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடிப்புறத்தில் வெளிர்சிவப்பாய் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கும். பார்ப்பதற்கு அழுக்குப் போலத் தோன்றும் அந்தப் படலம், முந்தைய கட்டுக்குப் பிறகு உடல் அரும்பாடுபட்டு வளர்த்த புதுத்திசு. ஆற்றுவதற்காகக் கட்டிய கட்டே ஆறிய பகுதியைப் பிய்த்தெடுத்துவிட்டது.

எந்தக் கட்டும் புண்ணை ஆற்றுவதில்லை, ஆற்றுவது உடல். அந்த வேலை நடப்பதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் பாதுகாப்பும் குலையாமல் பார்த்துக்கொள்வதே கட்டின் பணி. ஆகவே எந்த டிரெஸ்ஸிங் நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. இந்தப் புண் இன்றைக்கு எவ்வளவு கசிகிறது, அதன் தரையில் என்ன படிந்திருக்கிறது, எவ்வளவு ஆழம் போகிறது, சுற்றியுள்ள தோல் எப்படி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அது எதனால் வந்தது என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே பொருளைக் கையில் எடுக்க வேண்டும். பத்து நாளைக்கு முன் மிகப் பொருத்தமாக இருந்த ஒரு கட்டு, அதே புண்ணுக்கு இன்று தீங்கு செய்யக்கூடும்.

புண்ணைக் காற்றாட விட்டால் காய்ந்து ஆறிவிடும் என்ற எண்ணம் மிகப் பழையது. பொருக்குத் தட்டிவிட்டால் பாதி ஆறியதாகவே பலரும் கொள்கிறார்கள். மருத்துவமும் நெடுங்காலம் ஏறத்தாழ இப்படித்தான் எண்ணியிருந்தது. 1860-களில் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயங்களைக் கட்டி, சீழ் பிடிப்பதைத் தடுக்க முடியும் என்று காட்டினார். 1880-இல் ஜோசப் கேம்ஜி, காஸ் துணிகளுக்கு நடுவே பஞ்சை வைத்துக் கசிவை உறிஞ்சும் தடித்த பட்டையை உருவாக்கினார். இரண்டும் எண்ணற்ற உயிர்களுக்குப் பயன்பட்ட முன்னேற்றங்களே. ஆயினும் கிருமியை விலக்குவதும் கசிவை வற்றவைப்பதுமே அவற்றின் நோக்கமாக இருந்தன. புண்ணின் தரைக்கு ஈரம் வேண்டும் என்ற சிந்தனை அப்போது இல்லை.

அந்தச் சிந்தனைக்கு அடித்தளம் இட்டது 1962-இல் ஜார்ஜ் விண்டர் வெளியிட்ட ஆய்வு. இளம் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டுப் பொருக்குத் தட்டச் செய்தார். சிலவற்றை மெல்லிய பாலிதீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. மறு ஆண்டே ஹின்மன், மைபாக் இருவரும் மனிதத் தோலிலும் இதையொத்த முடிவைக் கண்டனர். காரணம் எளிமையானது. மேல்தோலின் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்தும் எஞ்சியிருக்கும் மயிர்க்கால்களிலிருந்தும் கிளம்பி, ஈரமான பரப்பின்மேல் ஊர்ந்து நடுவை நோக்கி நகர்கின்றன. பொருக்கு இறுகிவிட்டால், அதன் அடியில் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கி, காய்ந்த திசுவுக்குக் கீழே வழி வெட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. பொருக்கு உடலின் பாதுகாப்பு ஏற்பாடுதான்; ஆனால் அது செல்களின் பாதையில் கிடக்கும் பாறையும்கூட.

இதைக் கேட்டதும் புண்ணை எப்போதும் நனைத்தே வைக்கவேண்டும் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. ஈரம் வேறு, ஊறல் வேறு. நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்நுனி வெளுத்துச் சுருங்குவதைப் போல, கசிவில் ஊறும் தோலும் வெளுத்து, நைந்து, சிறு உராய்வுக்கே உரிந்துவிடும். புண் ஓரங்களில் அகலமாகும். அதோடு, கசிவு எல்லாம் ஒரே தன்மையுடையது அல்ல. புதிய காயத்தின் கசிவில் வளர்ச்சிக் காரணிகளும் வெள்ளணுக்களும் ஊட்டப் பொருள்களும் இருக்கின்றன. அது பயன்தரும் நீர். மாதக்கணக்கில் ஆறாத புண்ணின் கசிவிலோ புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்து, புதிதாக உருவாகும் திசுவையே கரைத்துவிடுகின்றன. முன்னதைத் தக்கவைக்க வேண்டும். பின்னதை அகற்ற வேண்டும். இன்று பயன்பாட்டில் உள்ள கட்டு வகைகளின் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவை: ஈரத்தைக் கொடுப்பதா, இருப்பதைக் காப்பதா, மிகுந்ததை எடுப்பதா.

பழைய காஸ் துணியிலிருந்தே தொடங்கலாம். புண்ணில் ஒட்டும், இழை உதிர்க்கும், கசிவு துணியின் வெளிப்புறம்வரை ஊறிவிட்டால் அந்த ஈரப் பாதையிலேயே கிருமிகள் உள்ளே வரும் என்று அதன்மேல் குறைகள் பல. ஈரக் காஸை வைத்துக் காய்ந்தபின் பிடுங்கி எடுத்து அழுகலை நீக்கும் முறை, நல்ல திசுவையும் சேர்த்தே பிடுங்குவதால், ஆறத் தொடங்கிய புண்ணுக்கு உகந்ததன்று. ஆனாலும் காஸ் ஒதுக்கித் தள்ளவேண்டிய பொருள் அல்ல. அசுத்தமான காயத்தை நாளுக்கு இருமுறை திறந்து பார்க்கவேண்டிய நிலையிலும், அறுவைக்குப்பின் குழியை ஈரத் துணியால் நிரப்பி வைக்கும்போதும், வேறொரு கட்டின் மேலடுக்காகவும் அது இன்றும் பயன்படுகிறது.

ஒட்டும் குறையைப் போக்க வந்தது பாரஃபின் காஸ். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் ஒகுஸ்த் லூமியேர் உருவாக்கிய இந்த வலைத்துணியில் மென்மையான பாரஃபின் பூசப்பட்டிருக்கும். கசிவு வலைக்கண்கள் வழியாக மேலே உள்ள பஞ்சுக்குப் போய்விடும். வலை புண்ணின்மேல் வழுக்கலாகத் தங்கும். தீக்காயங்களுக்கும், தோல் ஒட்டிய இடங்களுக்கும், ஒட்டுக்காகத் தோல் எடுத்த இடங்களுக்கும் இது நீண்டகாலமாகப் பயன்பட்டு வருகிறது. ஆனால் பல நாள் விட்டுவைத்தால் பாரஃபின் வற்றிவிடும். புதுத்திசு வலைக்கண்கள் வழியாக மேலெழுந்து பிடித்துக்கொள்ளும். பிறகு மறுபடியும் பழைய கதைதான். மென் சிலிக்கோன் வலைகள் இந்த இடத்தைப் படிப்படியாக நிரப்பி வருகின்றன. உலர்ந்த தோலில் இலேசாகப் பற்றி, ஈரமான புண் தரையில் பற்றாமல் இருப்பது அவற்றின் தனிச்சிறப்பு. முதியவர்களின் காகிதம் போன்ற தோலுக்கும், குழந்தைகளின் தீக்காயத்துக்கும் நான் முதலில் நினைப்பது சிலிக்கோனைத்தான். கட்டுப் பிரிக்கும் வலியைக் குறைப்பது வசதிக்கான கூடுதல் அம்சம் என்று நினைக்கக்கூடாது. அடுத்த கட்டு மாற்றத்தை அஞ்சி நடுங்கும் நோயாளிக்கு அதுவே சிகிச்சையின் பாதி.

ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் படலம் மிக மெல்லியது. நீராவியையும் ஆக்சிஜனையும் கடக்கவிடும். நீரையும் கிருமியையும் தடுக்கும். உறிஞ்சும் திறன் இல்லை. ஆகவே சிராய்ப்பு, ஆழமற்ற வெட்டு, தைத்த காயம், ரத்தக்குழாயில் செருகிய ஊசிக்குழாயின் வாய் ஆகிய கசிவு குறைந்த இடங்களுக்கே பொருந்தும். உள்ளே நடப்பதைக் கட்டைப் பிரிக்காமலே பார்க்கலாம் என்பது பெரிய நன்மை. இதை எடுக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது: மேல்நோக்கிப் பிடுங்காமல், ஒரு ஓரத்தைப் பிடித்துத் தோலுக்கு இணையாகக் கிடையாக இழுத்தால் படலம் நீண்டு, பசை தானே விட்டுவிடும். மேலே தூக்கிப் பிடுங்கினால் மெலிந்த தோல் பசையோடு சேர்ந்தே வந்துவிடும்.

ஹைட்ரோகொலாய்டு என்பது தடித்த, இணக்கமான, தோல் நிறப் பட்டை. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், ஜெலட்டின், பெக்டின் போன்ற நீரை ஈர்க்கும் பொருள்கள் ஒட்டும் பசையோடு கலந்திருக்கும். வெளிப்புறத்தில் நீர் புகாத படலம் இருக்கும். கசிவு பட்டதும் உட்புறம் கூழாகிப் புண்ணை நிரப்பும். குறைந்த, நடுத்தரக் கசிவுள்ள ஆழமற்ற படுக்கைப் புண்கள், உராய்வுக் கொப்புளங்கள், சிறு தீக்காயங்கள் ஆகியவற்றுக்கு மூன்று முதல் ஏழு நாள்வரை அப்படியே விட்டுவைக்கலாம். இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இது பலரை அலறவைத்திருக்கிறது. பட்டையை எடுக்கும்போது மஞ்சளும் பழுப்புமான கொழகொழப்பான கூழ், ஒருவகை நாற்றத்தோடு, புண்ணை நிறைத்திருக்கும். பார்த்தவுடன் சீழ் கோத்துவிட்டது என்றே தோன்றும். உப்புநீரால் கழுவியபின் அடியில் சுத்தமான செந்நிறத் தரை தெரிந்து, நாற்றமும் போய்விட்டால், அது கரைந்த பட்டைதான். கழுவியபிறகும் நாற்றம் தங்கி, சுற்றுத்தோல் சிவந்து சூடாகி, வலி கூடியிருந்தால் அது தொற்று. அப்போது இந்தப் பட்டையை மறுபடி ஒட்டக்கூடாது. காற்றுப் புகாமல் மூடும் எந்தக் கட்டையும் தொற்றுள்ள புண்ணில் வைப்பது ஆபத்து. நீரிழிவு நோயாளியின் பாதப் புண்ணில் இதை ஒட்டி ஒரு வாரம் திறக்காமல் விடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். உணர்ச்சி மரத்த பாதத்தில், உள்ளே மூளும் தொற்றை வலி காட்டிக்கொடுக்காது.

ஈரம் போதாத புண்ணுக்கு ஈரம் கொடுப்பது ஹைட்ரோஜெல். பெரும்பங்கு நீரால் ஆன இந்தக் கூழ், மஞ்சள் அழுகல் படலமும் காய்ந்து செத்த திசுவும் மூடிய புண்ணின்மேல் இடப்படும்போது அவற்றை இளக்குகிறது. பிறகு உடலின் சொந்த நொதிகளே அழுகலைக் கரைத்துப் பிரித்துவிடுகின்றன. கத்தி இல்லாமல், வலி அதிகமில்லாமல், ஆனால் மெதுவாக நடக்கும் துப்புரவு இது. குளிர்ச்சி தருவதால் சிறு தீக்காயங்களில் வலியையும் தணிக்கும். கசிவு மிகுந்த புண்ணில் இதை வைப்பது வெள்ளத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். ஓரத்தோல் ஊறி நைந்துவிடும்.

ஹைட்ரோஜெல்லைப் பற்றிப் பேசும்போது, அதை வைக்கவே கூடாத ஓரிடத்தையும் அழுத்திச் சொல்லவேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் அடைபட்டு, விரலோ குதிகாலோ கறுத்துக் காய்ந்து, ஓடுபோல் இறுகி, சீழோ சிவப்போ இல்லாமல் இருக்குமானால், அந்தக் கறுத்த ஓடு உடலின் இயற்கையான மூடி. ஈரமே நல்லது என்ற விதியை அங்கே பொருத்தி, கூழைத் தடவி இளக்கினால், காய்ந்து கிடந்தது ஈர அழுகலாக மாறித் தொற்று மேலேறும். காலையே இழக்க நேரலாம். அங்கே செய்யவேண்டியது உலர்வாக வைத்துப் பாதுகாப்பதும், ரத்தக்குழாய் மருத்துவரிடம் விரைந்து காட்டுவதும்தான். விண்டர் கண்டுபிடித்த விதி ரத்த ஓட்டம் உள்ள திசுவுக்கானது.

மறுகோடியில், வழிந்தோடும் கசிவுக்கு அல்ஜினேட் இருக்கிறது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருளைக் கால்சியம் உப்பாக்கி, பஞ்சுபோன்ற மெத்தையாகவோ கயிறாகவோ ஆக்குகிறார்கள். புண்ணின் கசிவில் சோடியம் உண்டு. கட்டின் இழையில் கால்சியம் உண்டு. இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்போது, உலர்ந்த இழை கண்ணெதிரே கூழாகிறது. தன் எடையைப்போல் பதினைந்து, இருபது மடங்கு நீரைத் தாங்கும். வெளியேறும் கால்சியம் ரத்தம் உறைவதற்கும் துணைசெய்வதால், சிறு கசிவாக ரத்தம் வரும் தோல் எடுத்த இடங்களில் இது பெரிதும் உதவுகிறது. ஆழ்ந்த குழிகளில் கயிறு வடிவத்தைத் தளர்வாக இட வேண்டும். இறுக்கித் திணித்தால் அது ஊதிப் பெருகித் தரையை அழுத்திவிடும். வறண்ட புண்ணில் வைத்தால் கூழாக வழியின்றி, இழைகள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் நார்க்கட்டு, கசிவைச் செங்குத்தாக உறிஞ்சி உள்ளே பூட்டிக்கொள்வதால் ஓரத்தோலை அவ்வளவாக நனைப்பதில்லை. இரண்டுக்கும் மேலே இன்னொரு மூடும் கட்டு வேண்டும்.

நடுத்தரம் முதல் மிகுந்த கசிவுவரை உள்ள இடத்தை நிரப்புவது பாலியூரித்தேன் நுரைக்கட்டு. மெத்தென்று இருப்பதாலும் பல நாள் வைத்திருக்கலாம் என்பதாலும் இன்று மிகுதியாகப் பயன்படுவதில் இதுவும் ஒன்று. புண்ணின் ஓரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் படியுமாறு அளவு எடுக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும், புண் வருவதற்கு முன்பே சிலிக்கோன் நுரைக்கட்டை ஒட்டிப் பாதுகாக்கும் வழக்கமும் பரவியுள்ளது. ஆனால் அதை ஒட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதை நிறுத்திவிட்டால், கட்டுக்கு அடியிலேயே தோல் கறுத்துவிடும்.

கிருமிகளை எதிர்க்கும் கட்டுகளுக்கு வருவோம்; மிகையாகப் பயன்படுத்தப்படுவது இந்த வகைதான் என்பது என் உறுதியான எண்ணம். திறந்த புண் எதுவாயினும் அதில் கிருமிகள் இருக்கும். இருப்பதாலேயே அது தொற்று ஆகிவிடாது. ஆறுதல் தடைபடும் அளவுக்குக் கிருமிகள் பெருகியதற்கான அறிகுறிகள் தென்படும்போதே வெள்ளி, அயோடின் போன்றவை தேவைப்படுகின்றன. வெள்ளி அயனிகள் பலவகைக் கிருமிகளைக் கொல்லும்; ஆகவே வெள்ளி கலந்த நுரை, நார், அல்ஜினேட் எல்லாம் உள்ளன. வழக்கமாக இரண்டு வாரம் வைத்துப் பார்த்து, பலன் இருந்தால் சாதாரணக் கட்டுக்கு மாறுவதும், இல்லையென்றால் காரணத்தைத் தேடுவதும் முறை. 1968-இல் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்திய சில்வர் சல்ஃபாடையாசின் களிம்பு தீக்காயச் சிகிச்சையில் பெரும் திருப்பமாக அமைந்தது. ஆனால் அது புண்மேல் வெண்சாம்பல் நிறப் படலமாகப் படிந்து தீக்காயத்தின் ஆழத்தை மதிப்பிட முடியாமல் மறைக்கிறது. மேலோட்டமான தீக்காயங்களில் புதுத்தோல் வருவதைத் தாமதப்படுத்தவும் செய்கிறது. எனவே அத்தகைய காயங்களில் அதன் இடம் சுருங்கிவிட்டது.

அயோடினில் கேடெக்ஸோமர் வகை பயனுள்ளது. மாவுச்சத்தால் ஆன நுண்மணிகள் கசிவை உறிஞ்சி ஊதும்போது உள்ளிருக்கும் அயோடின் சிறுகச் சிறுக வெளியேறும். பழுப்பு நிறம் வெளுத்துவிட்டால் மருந்து தீர்ந்தது, மாற்றும் நேரம் வந்தது என்று கட்டே சொல்லிவிடும். தைராய்டு நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. மருத்துவத் தேன் தன் சர்க்கரைச் செறிவால் நீரை இழுத்தும், அமிலத்தன்மையாலும் கிருமிகளை ஒடுக்குகிறது. சிலருக்கு எரிச்சல் தரும். அது காமா கதிரால் நுண்வித்துகள் அழிக்கப்பட்ட தேன். உணவுக்கான தேனை அதற்கு மாற்றாகப் புண்ணில் ஊற்றக்கூடாது. புற்று முற்றி வெடித்த புண்களின் நாற்றத்துக்குச் செயலூட்டிய கரித்துணி கொண்ட கட்டு உண்டு. கரி நனைந்துவிட்டால் வாசனையைப் பிடிக்கும் ஆற்றல் குறைந்துவிடும் என்பதால், அதற்கும் புண்ணுக்கும் இடையில் உறிஞ்சும் அடுக்கு வேண்டும். ஆறாது என்று தெரிந்த புண்ணில் கட்டின் குறிக்கோளே வேறு. அந்த நோயாளி தன் வீட்டார் அருகில் கூச்சமின்றி உட்கார முடிய வேண்டும். அதற்காகச் செய்யும் சிகிச்சை எதுவும் குறைந்ததன்று.

பெரிய, ஆழமான குழிப்புண்களுக்கு எதிர்மறை அழுத்தக் கட்டு வேறொரு தளத்தைத் திறந்தது. குழியில் நுரையை நிரப்பி, மேலே படலத்தால் காற்றுப் புகாமல் மூடி, குழாய் வழியாகச் சிறு பம்பு கொண்டு உறிஞ்சுவார்கள்; வழக்கமான அழுத்தம் 125 மில்லிமீட்டர் பாதரச அளவு. 1997-இல் லூயிஸ் ஆர்ஜென்டா, மைக்கேல் மோரிக்வாஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வுகளுக்குப்பின் இது உலகெங்கும் பரவியது. கசிவையும் வீக்கத்தையும் எடுத்து, ஓரங்களை நெருக்கி, தரையில் குருணை குருணையாகச் செந்திசு எழத் தூண்டும். செத்த திசுவை நீக்காத புண்ணிலும், சிகிச்சை பெறாத எலும்புத் தொற்று உள்ள இடத்திலும், புற்றுப் புண்ணிலும், ரத்தக்குழாய் வெளியே தெரியும் இடத்திலும் இதை வைக்கக்கூடாது. நுரைத் துண்டுகளை எத்தனை உள்ளே வைத்தோம் என்று எண்ணி எழுதிவைப்பது கட்டாயம். மறந்துபோன ஒரு துண்டு மாதக்கணக்கில் புண்ணை ஆறவிடாது.

உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கில் மேற்சொன்ன ஈரக் கணக்கெல்லாம் பின்னுக்குப் போய்விடும். ரத்தத்தை உறையவைக்க உதவும் கேயோலின் அல்லது கைட்டோசான் என்ற பொருள் ஏற்றிய காஸைக் காயத்தின் ஆழம்வரை திணித்து, குறைந்தது மூன்று நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று இடையில் தூக்கிப் பார்ப்பதுதான் இங்கே மிகச் சாதாரணமாக நிகழும் தவறு. தீக்காயத்தில் முதல் கட்டு தண்ணீர்தான்: ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம். ஐஸ் கூடாது. அதன்பின் ஒட்டாத சுத்தமான படலத்தால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போகலாம். சிறு காயங்களைக் கழுவக் குடிநீர்த் தரமுள்ள குழாய்நீரே போதும். உப்புநீரைவிட அது தாழ்ந்ததில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடை நாள்தோறும் ஊற்றினால் கிருமியோடு புதிய செல்களும் அழியும்.

கட்டைப் பற்றி இவ்வளவு பேசியபின், கட்டு இரண்டாம் இடத்துக்குப் போகும் புண்களையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நாள்பட்ட புண்களில் பெரும்பாலானவை அந்த இனத்தைச் சேர்ந்தவை. காலில் அசுத்த ரத்தம் தேங்குவதால் வரும் புண்ணை ஆற்றுவது கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் தரும் பல அடுக்கு அழுத்தக் கட்டு. அதன் அடியில் புண்மேல் படும் பொருள் எதுவாக இருந்தாலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. அந்த அழுத்தம் போடுவதற்கு முன், கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 0.8-க்குக் குறைந்தால் தமனியில் அடைப்பு இருக்கலாம். அந்தக் காலை இறுக்கிக் கட்டினால் உள்ள ரத்தமும் நின்றுபோகும். நீரிழிவுப் பாதப் புண்ணுக்கு அவசியம், நடக்கும்போது அந்த இடத்தில் எடை விழாமல் செய்யும் வார்ப்புக்கட்டோ காலணியோ. படுக்கைப் புண்ணுக்கு அவசியம், அழுத்தத்தை விலக்குவது. விலையுயர்ந்த வெள்ளிக் கட்டை வைத்துவிட்டு, அதே பாதத்தை ஊன்றி நடக்க அனுமதிப்பதைக் காணும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. ஒரு வகைக் கட்டு மற்றதைவிடத் திட்டவட்டமாகச் சிறந்தது என்று காட்டும் வலுவான சான்று பல புண் வகைகளில் இல்லை. காரணத்தை நீக்குவதற்கான சான்றோ உறுதியாக இருக்கிறது.

பிரித்த கட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் அரை நிமிடம் பார்ப்பது நல்ல செவிலியர்களின் பழக்கம். கறை நடுவில் மட்டும் இருக்கிறதா, ஓரம்வரை எட்டிவிட்டதா. தெளிந்த நீரா, பச்சை கலந்த சீழா, ரத்தமா. முந்தைய முறையைவிட அதிகமா, குறைவா. ஓரம்வரை ஊறியிருந்தால் மாற்றும் இடைவெளியைக் குறைக்க வேண்டும், அல்லது மேலும் உறிஞ்சும் வகைக்கு மாறவேண்டும். காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரம் காக்கும் வகைக்கு வரவேண்டும். ஒன்றுமே மாறாமல் நன்றாக இருந்தால், அடிக்கடி திறந்து புண்ணைக் குளிரவைக்காமல் விட்டுவிடலாம். அறுவைக் காயத்தில்கூட, முதல் 48 மணி நேரம் காரணமின்றிக் கட்டைத் தொடாமல் இருப்பதே வழக்கம்.

வாரம் ஒருமுறை ஓர் அளவுகோலை வைத்து நீளத்தையும் அகலத்தையும் அளந்து, தேதியோடு எழுதிவைக்க வேண்டும். நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. நீரிழிவுப் பாதப் புண்ணின் பரப்பு, முறையான சிகிச்சை தொடங்கி நான்கு வாரத்தில் பாதியாகக் குறையவில்லை என்றால், அது இப்போதைய வழியில் ஆறும் வாய்ப்புக் குறைவு. அந்த நாளில் அடுத்த பெட்டியிலிருக்கும் வேறொரு கட்டைத் தேடுவதற்கு முன், எலும்புவரை தொற்று போயிருக்கிறதா, ரத்தம் பாதம்வரை வருகிறதா, நோயாளி உண்மையிலேயே அந்தக் காலை ஊன்றாமல் இருக்கிறாரா என்ற மூன்றையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.